மகுடத்தில் புது விண்மீன் வருமாம், யாருக்காவது தெரிந்ததா?

2024 ஏப்ரல் 21

டி கொரோனா பொரியாலிஸ் என்ற விண்மீன் செப்டம்பருக்குள் வெடிக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும், எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி என்று பத்து நாளாக எல்லாச் செய்தியிலும் வருகிறது. நான் இருப்பது சென்னை பெரம்பூர். மொட்டை மாடி உண்டு. 7x50 பைனாகுலர் ஒன்று உண்டு, அதில் ஒரு பக்கத்து லென்ஸ் கொஞ்சம் பூசணம் பூத்தது. இங்கிருந்து பார்க்க முடியுமா? எங்கே பார்க்க வேண்டும்? பார்த்தவர்கள் சொல்லுங்கள். பார்க்காதவர்களும் சொல்லலாம்.

2024 ஏப்ரல் 24

பதில் வரும் வரை காத்திருக்கவில்லை, நானே தேடிக் கண்டுபிடித்தேன். சப்தரிஷி மண்டலத்தின் வாலை வளைத்தபடியே நீட்டினால் சுவாதி வரும், ஆரஞ்சு நிறத்தில். கிழக்கே அபிஜித் எழுந்ததும் சுவாதியிலிருந்து அபிஜித்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால் பாதி வளையல்போல ஏழு விண்மீன்கள். அதுதான் வடக்கு மகுடம். ஏழு என்று புத்தகம் சொல்கிறது. பெரம்பூரில் எனக்குத் தெரிந்தது ஒன்று. கண்ணைச் சுருக்கினால் ஒன்றரை.

தெரிந்த அந்த ஒன்றின் பெயர் ஆல்பெக்கா. வெடிக்கப்போவதும் உச்சத்தில் ஏறக்குறைய அதே அளவு ஒளிரும் என்கிறார்கள். ஆகவே முதல் கேள்விக்கு நானே பதில்: நகரத்திலிருந்தும் தெரியும். வெடித்தால்.

2024 ஏப்ரல் 25

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. மகுடத்தின் கிழக்கு ஓரத்தில் எப்சிலான் என்று ஒரு மங்கலான விண்மீன் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே, இரண்டு முழுநிலா அகலத் தொலைவில்தான் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவருடைய ஒளித்தரம், அதாவது பொலிவைக் குறிக்கும் எண், 10; எண் கூடக் கூட விண்மீன் மங்கல். என் பைனாகுலரில் சென்னையிலிருந்து தெரியவே தெரியாது. நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வெற்றிடத்தை. அம்மா மாடிக்கு வந்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டாள். "ஒன்றும் இல்லை" என்றேன். "அதற்கா இவ்வளவு நேரம்?" என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

2024 மே 5

ஒரு தொலைக்காட்சியில் "நட்சத்திரம் அழியப்போகிறது" என்று ஓடியது. அழியாது ஐயா. அங்கே இருப்பது இரண்டு விண்மீன்கள். ஒன்று செம்பெருமீன், ஊதிப்போன கிழம். மற்றொன்று வெண்குறுமீன், பூமியளவு உருவத்தில் சூரியனையும் மிஞ்சும் எடை. 227 நாள்களுக்குச் சற்று மேல் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பெரியதிலிருந்து ஹைட்ரஜன் வழிந்து சிறியதன்மேல் படிகிறது. படிந்து படிந்து அடியில் அழுத்தமும் சூடும் ஏறி, ஒருநாள் அந்தப் படலம் முழுவதும் அணுக்கரு எரிப்பில் குப்பென்று பற்றிக்கொள்கிறது. இதற்குப் பெயர்தான் நோவா. தூக்கி எறியப்படுவது மேல்தோல் மட்டும். வெண்குறுமீன் அப்படியே நிற்கும், மறுநாளே சேமிப்பைத் தொடங்கும். சூப்பர்நோவா வேறு கதை, அதில்தான் வெடித்தவன் போய்விடுவான்.

ஒளி ஆயிரம் மடங்கு கூடும்.

2024 மே 6

ஆயிரம் என்றது தவறு, மன்னிக்கவும். ஒளித்தரம் 10லிருந்து 2க்கு வருகிறது என்றால் எட்டுப் படி. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 2.512 மடங்கு. எட்டு முறை பெருக்கினால் 1,600க்குச் சற்றுக் குறைவு.

இந்த 2.512 எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து படி என்றால் சரியாக நூறு மடங்கு என்று 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். அந்த ஆள் 1861இல் நம் நுங்கம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். சென்னை வான்நோக்ககத்தில் அரசு வானியலாளராக முப்பது ஆண்டுகள், 1891இல் இறக்கும் வரை இங்கேதான். வந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறுபடும் விண்மீனைக் கண்டுபிடித்தார், ரெட்டிகுலம் மண்டலத்தில். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைச் சென்னை வானத்தின்கீழ் உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த நுங்கம்பாக்கத்தில் இன்று ஆல்பெக்கா தெரிந்தாலே பெரிய காரியம். 1792 என்று ஆண்டு பொறித்த கருங்கல் தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு.

வழி தவறிப் போகிறேன். நிறுத்துகிறேன்.

2024 ஜூன் 9

தூரம் சுமார் 3,000 ஒளியாண்டு. அப்படியென்றால் வெடிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, ஒளிதான் வழியில் இருக்கிறது என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். பிறகு கணக்குப் போட்டால் சிரிப்பு வந்தது. எண்பது ஆண்டுக்கு ஒன்று என்றால் 3,000 ஆண்டுத் தொலைவில் முப்பத்தேழு வெடிப்புகளின் ஒளி ஒன்றன்பின் ஒன்றாக ரேஷன் கடை வரிசையில் வருவதுபோல வந்துகொண்டிருக்கிறது. நாம் வாசலில் நின்று வரிசையின் முதல் ஆளைக் காணோமே என்று கவலைப்படுகிறோம்.

2024 ஜூலை 13, இரவு 9.20

வெடித்துவிட்டது!!! மேக இடைவெளியில் பார்த்தேன். ஆல்பெக்காவுக்குக் கிழக்கே அதே அளவு இன்னொன்று. சந்தேகமே இல்லை. எல்லோரும் மாடிக்கு ஓடுங்கள்.

2024 ஜூலை 13, இரவு 10.05

வெடிக்கவில்லை. யாரும் ஓட வேண்டாம்.

2024 ஜூலை 14

நேற்று நடந்ததை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன், சேலத்திலிருந்து ஒருவர் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனதாக எழுதியிருப்பதால்.

மேகம் முக்கால்வாசி மூடியிருந்தது. இடைவெளியில் இரண்டு விண்மீன்கள், கிட்டத்தட்ட ஒரே பொலிவு. மேற்கே இருந்ததை ஆல்பெக்கா என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால் கிழக்கே இருப்பது புதியவர்தானே? மேகம் இன்னும் விலகியதும் சுவாதி வெளியே வந்தது. பார்த்தால் மேற்கே இருந்தது ஐசார், சுவாதியின் மண்டலத்தைச் சேர்ந்தது. கிழக்கே இருந்த "புதியவர்" ஆல்பெக்காவேதான். மூன்று மாதமாக தினமும் பார்த்த முகத்தையே அடையாளம் தெரியாமல் கூச்சலிட்டிருக்கிறேன். சேலத்துக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இதில் ஒரு நன்மை. இனி மேகத்தின் நடுவே பார்த்து எதையும் அறிவிக்க மாட்டேன். குறைந்தது நான்கு விண்மீன்கள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால்தான் வாய் திறப்பேன்.

2024 செப்டம்பர் 30

கெடு முடிந்தது. வரவில்லை.

ஏன் செப்டம்பர் என்றார்கள் என்பதையாவது இன்று சொல்லிவிடுகிறேன். 1946 வெடிப்புக்கு முந்தைய ஆண்டில் இந்த விண்மீன் சற்று மங்கியது. 2023 மார்ச் வாக்கில் அதேபோல மங்கத் தொடங்கியது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, ஓராண்டுக்குச் சற்றுமேல் கழித்து வெடிக்கும் என்று பிராட்லி ஷேஃபர் என்ற வானியலாளர் கணித்தார். முட்டாள்தனமான கணிப்பு அல்ல. நூறாண்டுக்கும் மேலாக நம்மைப் போன்ற மாடி ஆட்கள் குறித்து அனுப்பிய ஒளித்தர அளவீடுகள் அதற்கு அடிப்படை. ஆனால் கருவிகள் சரியாகப் பதிவு செய்த வெடிப்புகள் இரண்டே இரண்டுதான்: 1866 மே 12, 1946 பிப்ரவரி 9. 1787இலும் 1217இலும் யாரோ பார்த்ததுபோலக் குறிப்புகள் இருக்கின்றன, அவ்வளவே. இரண்டு வெடிப்பு என்றால் இடைவெளி ஒன்று. ஒரே ஒரு முறை மழைக்கு முன் தவளை கத்தியதைக் கேட்டவன், அடுத்த முறை தவளை கத்தியதும் குடையை விரித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றோம். அவர் பிழை வரம்போடுதான் சொன்னார். செய்தியில் அந்த வரம்பைக் கத்தரித்துவிட்டார்கள். நானும்தான், இந்த இழையின் முதல் குறிப்பைப் பாருங்கள்.

2024 அக்டோபர் 1

இழைக்குத் தொடர்பில்லாதது, இருந்தாலும் எழுதாமல் தூங்க முடியாது. சூச்சின்ஷான் அட்லஸ் வால்மீனைப் பார்த்துவிட்டேன்.

நான்கு மணிக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சென்னைக்கு இருக்கும் ஒரே வானியல் வசதி கிழக்கே கடல் இருப்பது, அடிவானம் வரை கட்டடம் கிடையாது. ஐந்தே கால் மணி. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. பைனாகுலரில் அடிவானத்தை ஒட்டி இடமிருந்து வலமாகத் துழாவினேன். மூன்றாவது துழாவலில் மாட்டியது: ஒரு வெளிச்சப் பொட்டு, அதிலிருந்து மேல்நோக்கி, சற்றே வலப்பக்கம் சாய்ந்து, ஒரு வெண்ணிறக் கீற்று. மார்கழிக் காலையில் வாயிலிருந்து வரும் ஆவிபோல. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "கப்பல் விளக்கா தம்பி?" என்று கேட்டார். கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷத்தில் விடிவெள்ளிதான் பார்த்திருக்கிறேன், இது வாலோடு இருக்கிறது" என்றார். திருப்பித் தர அவருக்கு மனமில்லை. எனக்கும் கேட்க மனமில்லை. அதற்குள் விடிந்துவிட்டது.

2024 அக்டோபர் 20

அதே வால்மீன் மாலை வானத்துக்கு வந்தபோது சென்னையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 15ஆம் தேதி தெருவில் முழங்கால் தண்ணீர், கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். வால்மீன் பூமிக்கு மிக அருகில் வந்த வாரம் அது.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன், ஆலங்காயம் பக்கம், ஜவ்வாது மலையடிவாரம். நிலா எழுவதற்கு முன் ஏழு மணிக்குப் பத்து நிமிடம் மேகம் விலகியது. மேற்கே வால்மீன், இப்போது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வலப்பக்கம் தாழ்வாக வடக்கு மகுடம், ஏழும் தெரிய, கவிழ்ந்த வளையலாய் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. வால்மீனைப் பார்க்க வந்தவன் அதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பழக்கம்.

எங்கள் ஊருக்கு மேலேதான் காவலூர். இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சிறுவயதில் அந்த மலைக்கு வெள்ளை உருண்டை மலை என்று பெயர் வைத்திருந்தோம். அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் தாத்தா, "இருட்டைப் பார்க்கிறார்கள்" என்பார். கிண்டலாகச் சொன்னாரா தெரிந்து சொன்னாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

2024 நவம்பர் 18

ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: இப்போது தேட வேண்டாம். சூரியன் மகுடத்துக்குத் தெற்கே வந்துவிட்டது. நம் ஊர் அட்சரேகையில் அந்த விண்மீன் சராசரியாகச் சூரியனுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்து, முக்கால் மணி நேரம் பின்னால் மறைகிறது. எல்லாம் அந்தி வெளிச்சத்தில் போய்விடும். வடக்கே போகப் போக நிலைமை மாறும், டெல்லியில் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் மாலையில் ஒருமுறை, விடியலில் ஒருமுறை என இரண்டு வேளையும் தாராளமாகப் பார்க்கலாம். தெற்கில் பிறந்ததற்கு இது ஒரு வரி. இதே சமயம் வடகிழக்குப் பருவமழை வேறு.

2025 பிப்ரவரி 9

இன்றோடு எழுபத்தொன்பது ஆண்டுகள். 1946இல் இதே தேதியில்தான் வெடித்தது. அதனால் இன்று லெஸ்லி பெல்டியரைப் பற்றி.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து விவசாயி வீட்டுப் பையன். ஸ்ட்ராபெரி பறித்த கூலியில் 18 டாலர் சேர்த்து முதல் தொலைநோக்கி வாங்கியவர். வால்மீன்கள் பல கண்டுபிடித்தவர். நம் விண்மீன் என்றாவது வெடிக்கும் என்று 1920லிருந்து கண்காணித்துவந்தார். இருபத்தைந்து ஆண்டுகள். பிப்ரவரியில் அந்தக் குறிப்பிட்ட இரவு, பின்னிரவு இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தார். வானம் தெளிவாக இருந்தது. ஆனால் சளி பிடிப்பதுபோல இருந்தது. போய்ப் படுத்துக்கொண்டார். அன்று வெடித்தது. அதற்குப் பிறகும் அந்த விண்மீனைப் பார்ப்பதை அவர் விடவில்லை, ஆனால் முன்போல் ஒட்டுறவு இல்லை என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

முதன்முதலில் இதைப் படித்தபோது பாவம் என்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து ஆண்டில் அவர் அந்தப் பக்கத்து விண்மீன்களை எல்லாம் பெயர் சொல்லாமலே அடையாளம் காட்டியிருப்பார். நான் பத்து மாதத்தில் ஐசாரையும் ஆல்பெக்காவையும் குழப்பியவன்.

இன்று காலை நான்கு மணிக்கு நானும் எழுந்தேன். பனி. ஆல்பெக்கா தெரிந்தது. வேறொன்றும் இல்லை. சளி எனக்கும் பிடித்திருக்கிறது, அம்மா திட்டுகிறாள்.

2025 பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பில் "வேறொன்றும் இல்லை" என்றது சரியில்லை. கேட்டை, சித்திரை, சுவாதி மூன்றும் இருந்தன. இல்லாததையே பார்த்துக்கொண்டிருந்து இருப்பதைக் குறிக்க மறந்துவிட்டேன்.

2025 மார்ச் 28

நேற்று முகூர்த்த நாள். பாரிஸ் வான்நோக்ககத்தின் ழான் ஷ்னைடர், 1866க்கும் 1946க்கும் இடைப்பட்ட காலம் அந்த ஜோடியின் சுற்றுக்காலத்தின் முழு மடங்காக, சரியாக 128 சுற்றுகளாக வருகிறது என்று பார்த்து, அடுத்த தேதிகளைக் குறித்துக் கொடுத்திருந்தார். அவற்றில் முதலாவது மார்ச் 27.

இரவு பத்தரையிலிருந்து ஒரு மணி வரை மாடியில் இருந்தேன். எதிர் வீட்டுக்காரர் மூன்று முறை எட்டிப் பார்த்தார். தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றியதிலிருந்து அவர் வீட்டு மாடியில் உள்ள தென்னை ஓலையை எண்ணலாம். விண்மீன் வரவில்லை.

2025 மார்ச் 30

மேலே ஒருவர் எழுதியிருந்தார்: "ஜோசியம்போல இருக்கிறதே, தப்பினால் அடுத்த தேதி." பாதி ஒப்புக்கொள்கிறேன். 128 சுற்று என்பது தற்செயலாகவும் இருக்கலாம், இதுவும் ஒரே இடைவெளியை வைத்துச் செய்த கணக்குதானே. ஆனால் ஜோசியர் தன் கணக்கை எல்லோரும் சரிபார்க்கும்படி அச்சிட்டுக் கொடுப்பதில்லை. இவர் கொடுத்திருக்கிறார், நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இயற்கை அதை மதிக்கிறதா என்பதுதான் பாக்கி.

அடுத்த தேதிகள்: 2025 நவம்பர் 10, 2026 ஜூன் 25, 2027 பிப்ரவரி 8.

2025 மார்ச் 31

நேற்றுப் பதிந்த பிறகுதான் உறைத்தது. நவம்பர் 10! 1866க்கும் 1946க்கும் இடைப்பட்ட எழுபத்தொன்பதே முக்கால் ஆண்டை 1946 பிப்ரவரியோடு கூட்டினாலும் நவம்பர்தான் வருகிறது. சூரியன் அருகே நிற்கும் மாதம், மழை கொட்டும் மாதம், நமக்கு மட்டும் மூடியிருக்கும் மாதம். உச்சப் பொலிவு சில மணி நேரம்தான், ஒரு வாரத்துக்குள் வெறுங்கண்ணிலிருந்து மறைந்துவிடும். எண்பது ஆண்டு காத்திருந்து, வந்து, நாம் குடை பிடித்துக்கொண்டிருக்கும்போது போய்விடும்போலிருக்கிறது. ஏறக்குறைய நூறு நாள் கழித்து இரண்டாவதாக ஒரு சின்ன ஏற்றம் உண்டு, ஒளித்தரம் 8 வரை. அது பிப்ரவரி. எச்சில் இலைதான், ஆனாலும் பைனாகுலருக்கு எட்டலாம்.

2025 ஜூன் 19

யாராவது இன்னும் இங்கே வருகிறீர்களா? வடக்கைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் தெற்கே திரும்புங்கள். லூபஸ் மண்டலத்தில், அதாவது ஓநாயில், ஒரு நோவா. வி462 லூபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 12ஆம் தேதி தானியங்கித் தொலைநோக்கி ஒன்று பிடித்தது. இப்போது ஒளித்தரம் 6ஐத் தாண்டி ஏறிவிட்டது. யாரும் காத்திருக்கவில்லை, யாரும் தேதி குறிக்கவில்லை.

2025 ஜூன் 22

நேற்று சனிக்கிழமை, ஊருக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். ஒன்பது மணிக்கு மலை மேலெல்லாம் மேகம், தூரத்தில் மின்னல். ஒன்பதே முக்காலுக்குத் தெற்கில் ஒரு ஜன்னல் திறந்தது. டெல்டா லூபி, கப்பா சென்டாரி என்ற இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே பார்க்க வேண்டும் என்று படம் வரைந்து வைத்திருந்தேன். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் படத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருபது நிமிடம். ஜூலைப் பாடம் நினைவிருந்ததால் நான்கல்ல, ஆறு விண்மீன்களைப் பொருத்தினேன். ஆறும் பொருந்தின. ஏழாவதாக ஒன்று மிஞ்சியது. படத்தில் அது இல்லை.

திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் மிஞ்சியது.

பொட்டுப்போல, வெள்ளையாக, பக்கத்தில் இருப்பவற்றிலிருந்து எந்த வேறுபாடும் இல்லாமல். வெறுங்கண்ணுக்கு எவ்வளவு முயன்றும் கிடைக்கவில்லை, தெற்கே ஊர் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். "இதுதானா நீ ஒரு வருஷமாகத் தேடியது?" "இல்லை, இது வேறு." "அது எங்கே?" தலைக்கு மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். "தோடு மாதிரி இருக்கிறது. ஒரு கல் விழுந்த தோடு" என்றாள்.

இந்த நோவா அடிவானத்திலிருந்து முப்பத்தேழு டிகிரி உயரத்தில் நம் ஊருக்கு வசதியாக நிற்பது. பெல்டியரின் ஒஹாயோவில் ஒன்பது டிகிரிதான் ஏறும், மரம் மறைத்துவிடும். நவம்பருக்குக் கட்டும் வரியில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

2025 ஜூலை 6

லூபி மங்கிக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து முயன்றேன், கிடைக்கவில்லை. மகுடம் இரவு எட்டரைக்கே உச்சிக்கு அருகில் வந்துவிடுகிறது, பார்த்தேன், ஆல்பெக்காவோடு சரி.

நவம்பருக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். டொராண்டோவில் என் சித்தி மகன் இருக்கிறான். அங்கே இருட்டு போதாது, ஆனால் ஒளித்தரம் 2 உள்ள விண்மீனுக்கு அவன் வீட்டுப் பின்கட்டே போதும். அந்தியிலும் விடியலிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்கு போன் செய்ய வேண்டும், நேரம் காலம் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டான். சிக்கல் ஒன்றுதான்: அவனுக்கு வானத்தில் நிலாவைத் தவிர வேறொன்றையும் தெரியாது. சப்தரிஷியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நேற்று விமானத்தைச் சுவாதி என்று சொன்னான்.